டொராண்டோ யூனியன் ரயில் நிலையத்துக்கு முன்னால், உருண்டைக்குள் நிற்கும் வெண்கல மனிதர் யார்?

குறிப்பிட்ட ஆள் யாரும் இல்லை. அது பன்முகப் பண்பாட்டு நினைவுச்சின்னம். பிரான்செஸ்கோ பெரில்லி செய்தது. கனடா இத்தாலியர்களின் தேசிய அமைப்பு நகரத்துக்குப் பரிசாகக் கொடுத்து, 1985இல் திறக்கப்பட்டது.

வளையங்களை வெறும் அலங்காரம் என்று நினைத்து நடந்துவிடுவோம். அவை பூமிப்படத்தில் வரும் தீர்க்கக் கோடுகள். நடுவில் நிற்பவர் இரண்டு கோடுகளைப் பிடித்து ஒன்றுசேர்க்கிறார். மீதிக் கோடுகளைப் புறாக்கள் தூக்கி வருகின்றன. அதாவது உருண்டை இன்னும் முழுமையாகவில்லை, வேலை நடந்துகொண்டிருக்கிறது. எனக்குப் பிடித்ததே அதுதான். புறா மட்டும் கொஞ்சம் பழகிப்போன சின்னம்.

சரி, ஏன் கனடாவில்? 1971இல் பிரதமர் பியர் ட்ரூடோவின் அரசு பன்முகப் பண்பாட்டை அரசின் கொள்கையாகவே அறிவித்தது. 1982 உரிமைச் சாசனத்தின் 27ஆம் பிரிவும் அதைச் சொல்கிறது. தனிச் சட்டம் வந்தது 1988இல், அதாவது சிலைக்கு அப்புறம்தான்.

இதே சிலை சிட்னி, சீனாவின் சாங்சுன், தென்னாப்பிரிக்காவின் பஃபலோ சிட்டி, போஸ்னியாவின் சரயேவோ ஆகிய இடங்களிலும் உண்டு. இனப்போரில் சிதைந்த சரயேவோவில், 1997இல், போர் முடிந்த சூட்டோடு வைத்தார்கள். டொராண்டோவைவிட அங்கேதான் இந்தச் சிலைக்குக் கனம் அதிகம் என்பேன்.