ஐபி போன்ல (நெட் வழியா பேசுற போன்) வர்ற கால் எல்லாம் அரை நிமிஷத்துல கட் ஆகுதா, ரவுட்டரை பாருங்க
ரவுட்டர் செட்டிங்ஸ்ல சிப் ஏஎல்ஜின்னு (SIP ALG, நெட் கால் மெசேஜ்ல ரவுட்டர் கை வைக்கிற வசதி) ஒண்ணு இருக்கும், அதை ஆஃப் பண்ணிட்டு ரவுட்டர், போன் ரெண்டையும் ரீஸ்டார்ட் பண்ணுங்க.

கடைக்கு வர்ற கால் எல்லாமே எடுத்து கரெக்டா அரை நிமிஷத்துல கட் ஆகுதுன்னா, அந்த டைமிங்தான் முக்கியம். நெட் ஸ்லோன்னா குரல் விட்டு விட்டு கேக்கும், இப்படி கணக்கு வச்சு கட் ஆகாது. நீங்க போனை எடுத்ததும் அந்தப் பக்கத்துலேந்து ஒரு உறுதி மெசேஜ் திரும்ப வரணும், சிப் ஏஎல்ஜி ஆன்ல இருக்குற ரவுட்டர் மெசேஜ்ல உள்ள அட்ரஸை மாத்தி அதை தொலைச்சிட்டா உங்க போன் 32 செகண்ட் பாத்துட்டு லைனை விட்டுடும்.

சந்தேகம்னா மொபைல்ல ஒரு சாஃப்ட்போன் ஆப் (மொபைலையே ஐபி போனா மாத்துற ஆப்) போட்டு அதே அக்கவுண்ட்ல, வைஃபை இல்லாம டேட்டால பேசி பாருங்க. ஒரு நிமிஷம் தாண்டுனா அனேகமா ரவுட்டர்தான்.

யாராவது ரவுட்டர்ல 5060 போர்ட்டை (நெட் கால் மெசேஜ் வந்து போற வாசல்) வெளியிலேந்து வர்ற மாதிரி ஓபன் பண்ண சொன்னா மட்டும் தயவுசெஞ்சு பண்ணாதீங்க, ராத்திரியோட ராத்திரியா எவனாவது உள்ள பூந்து வெளிநாட்டுக்கு கால் போட்டு உங்க பில்லை ஏத்திடுவான்.