ஒழுகுகிற தளத்தை இடிக்கத்தான் வேண்டுமா?

பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பா 1985-இல் கட்டிய தரைத்தள வீடு. காங்கிரீட் தளம். இரண்டு வருடமாக மழைக்கு ஹாலில் ஒழுகுகிறது. போன மாதம் சமையலறையில் காரை பெயர்ந்து விழுந்து கம்பி தெரிகிறது. ஒரு மேஸ்திரி முழுத் தளத்தையும் இடித்துப் புதிதாகப் போடணும் என்கிறார். இன்னொருவர் மேலே வாட்டர்ப்ரூஃபிங் அடித்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

இரண்டு பேருமே பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் சொல்லியிருக்கிறார்கள், அம்மா. ஹாலில் ஒழுகுவது ஒரு விஷயம், சமையலறையில் காரை விழுவது வேறு விஷயம். ஒழுகுகிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தளத்தை மாற்ற வேண்டியதில்லை. தளத்தின் உயிர் உள்ளே இருக்கும் கம்பியில் இருக்கிறது. கம்பி திடமாக இருந்தால் எந்த ஒழுக்கையும் நிறுத்திவிடலாம். கம்பி அரித்துப் போயிருந்தால், ஒரு சொட்டுகூட ஒழுகாத தளத்தையும் மாற்றத்தான் வேண்டும்.

ஹாலை முதலில் முடித்துவிடுவோம். மழையே இல்லாத ஜனவரி, பிப்ரவரியிலும் அந்த இடம் ஈரமாக இருக்கிறதா? இருந்தால் தளத்தை விட்டுவிட்டுப் பைப்பைப் பாருங்கள். நம் ஊர் மொட்டை மாடிகளில் தண்ணீர் டாங்க் ஒன்று, சோலார் வாட்டர் ஹீட்டர் ஒன்று, இரண்டுக்கும் போகும் குழாய்கள் என்று ஒரு கூட்டமே இருக்கும். அந்த வால்வுகளை இரண்டு நாள் மூடி வைத்தால் உண்மை தெரிந்துவிடும். மழைக்கு மட்டும்தான் ஒழுகுகிறது என்றால், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையையும் மழைநீர்க் குழாயின் வாயையும்தான் முதலில் சந்தேகப்படுவேன். அப்புறம் வாட்டம். பத்து அடிக்கு ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலம் சரிவு இருக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் காலை மாடிக்குப் போய், தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். வேலைக்கு வருபவரிடம் காட்ட அதைவிட நல்ல வரைபடம் கிடையாது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய பூச்சைக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே இரண்டு அங்குலக் கலவை போடச் சம்மதிக்காதீர்கள். அது சதுர அடிக்குச் சுமார் பத்து கிலோ. அறுநூறு சதுர அடி வீட்டுக்கு ஆறு டன். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு நம் கட்டட விதி கணக்கில் எடுக்கும் புழங்குசுமையே (ஆள், சாமான் என்று மேலே ஏறும் எடை) சதுர மீட்டருக்கு 150 கிலோதான். அதில் மூன்றில் இரண்டு பங்கை இந்த ஒரு பூச்சு விழுங்கிவிடும். இப்படி மூன்று முறை போட்ட மாடிகளைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒழுக்கு நின்றது, தளம் தொங்கியது.

சரி, சமையலறைக்கு வருவோம். காங்கிரீட்டுக்குள் காரத்தன்மை இருக்கும் வரை கம்பி துருப்பிடிக்காது. காற்றில் உள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைத் தின்றுவிடுகிறது. கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டராவது காங்கிரீட் இருந்தால் அது போய்ச் சேர நாளாகும். அந்தக் காலத்தில் கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் என்ற சிறு கட்டைகளை வைக்காமல் கம்பிக்கு அடியில் ஒரு ஜல்லிக் கல்லைச் செருகிவிட்டுக் கொட்டிய தளங்கள் ஏராளம். கல் நகர்ந்த இடத்தில் கம்பி சென்ட்ரிங் பலகை மேலேயே படுத்திருக்கும். அங்கேதான் முதலில் துரு வரும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், அதனால் காங்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளி உடைக்கும். விழுந்தது வெறும் பூச்சு என்று நினைத்துவிடாதீர்கள். விழுந்த துண்டின் உள்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளமும் பழுப்பு நிறமும் இருந்தால் அது கம்பியோடு ஒட்டியிருந்த காங்கிரீட்.

அல்சூரில் ஒரு வீட்டில் ஏணி மேல் உட்கார்ந்து இப்படித் தெரிந்த கம்பியைச் சுரண்டினேன். துரு ஏடு ஏடாக உரிந்து கையில் வந்தது. பார்வைக்குத் தடித்த கம்பி. கம்பி பிரஷ் போட்டுப் பளபளப்பு தெரியும் வரை தேய்த்து அளந்தால், பத்து மில்லிமீட்டர் கம்பி எட்டாகியிருந்தது. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று வீட்டுக்காரர் கேட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள், நூற்றுக்கு 36 பங்கு இரும்பு போய்விட்டது.

உங்கள் வீட்டில் நீங்களே ஒரு வேலை செய்யலாம். காரை விழுந்த இடத்துக்கு நேர் கீழே நிற்காமல், தலைக்கு ஹெல்மெட்டும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, நீளமான கம்பால் எல்லா அறைகளின் உள்கூரையையும் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டங்'கென்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. 'பொத்'தென்று கேட்கும் இடத்தில் காங்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்திருக்கிறது. அங்கெல்லாம் சாக்பீஸ் கட்டிய இன்னொரு கம்பால் வட்டம் போடுங்கள். விரிசல்களையும் பாருங்கள். சிலந்தி வலைபோலக் கண்டபடி ஓடும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் பூச்சோடு நிற்பவை. ஒன்றுக்கொன்று சமமான இடைவெளியில் நேர்கோடாகப் பழுப்புக் கசிவோடு ஓடினால் அவை கம்பிகளின் பாதை.

ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் சஜ்ஜாவையும் பால்கனியையும் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அவற்றில் முக்கியக் கம்பி மேல்பக்கத்தில் இருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் எல்லாம் நன்றாகவே தெரியும், மேலே தேங்கிய தண்ணீர் கம்பியைத் தின்றிருக்கும். அறைக்கூரை மாதிரி இது காரையை உதிர்த்து எச்சரிக்கும் என்று நம்ப முடியாது, மொத்தமாக விழலாம். சுவரோடு சேரும் இடத்தில் மேல்பக்கம் விரிசல் இருந்தால் அன்றைக்கே ஆள் நடமாட்டத்தை நிறுத்துங்கள்.

வட்டங்கள் சமையலறையோடு நின்றுவிட்டால் தளத்தை இடிக்க வேண்டாம். முட்டு கொடுத்து, கம்பிக்குப் பின்னால் ஓர் அங்குலம் வரை கொத்தி, துருவைத் தேய்த்து, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, பாலிமர் கலவையால் மூடலாம். துருவின் மேலேயே சிமென்ட் பூசுகிறவரை ஏணியிலிருந்து இறக்கிவிடுங்கள். வீட்டில் பாதிக்கு மேல் 'பொத்'தென்று கேட்டாலோ, பல இடங்களில் கம்பி மெலிந்திருந்தாலோ, சுவருக்குச் சுவர் நூல் பிடித்துப் பார்த்து மாதத்துக்கு மாதம் தொய்வு கூடினாலோ, முதல் மேஸ்திரி சொன்னதுதான் சரி. பத்து அடி அகல அறையில் 12 மில்லிமீட்டருக்கு மேல் தொய்வு இருப்பதே கவனிக்க வேண்டியது.

நடுவில் இருக்கும் வீடுகளுக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், தளம் போட்டுக் காசு வாங்கப் போகிறவரைக் கூப்பிடாதீர்கள். புதிதாக உடைத்த காங்கிரீட்டில் பினாப்தலீன் தெளிப்பார், பள்ளிக்கூட லேபில் பார்த்த அதே திரவம். இளஞ்சிவப்பாக மாறினால் காரம் இருக்கிறது. நிறமே வராவிட்டால் அந்த ஆழம் வரை பாதுகாப்பு போய்விட்டது. கம்பி இருக்கும் ஆழத்தையும் தாண்டி நிறமில்லை என்றால் இன்று நன்றாக இருக்கும் அறைக்கும் சில வருடத்தில் இதே கதை வரும், அப்போது ஒட்டுப் போடும் செலவு வீண்.

மாற்றுவதாக முடிவானால் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாலை மழைகள் நம் ஊரில் சொல்லிக்கொண்டு வருவதில்லை. இப்போது கிடைக்கும் கலப்பு சிமென்டுக்குப் பத்து நாளாவது தண்ணீர் கட்ட வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். கம்பி தெரியும் இடத்துக்குக் கீழே அடுப்பு இருந்தால் இன்றைக்கே வேறு பக்கம் மாற்றுங்கள். அந்த இடத்துக்கு நேர் மேலே மாடியில் தண்ணீர் டாங்க் இருந்தால் காலி செய்துவிடுங்கள். ஆயிரம் லிட்டர் டாங்க் நிரம்பினால் ஒரு டன். உயரத்தைத் திருகிக் கூட்டும் இரும்பு ஜாக்கி முட்டு இரண்டை வாடகைக்கு எடுத்து, மேலே பலகை வைத்து நிறுத்தச் சொல்லுங்கள், இன்ஜினியர் வந்து பார்க்கும் வரை அது அங்கேயே நிற்கட்டும்.