பிஸ்டனைத் திருப்பி மாட்டிவிட்டால் காரின் இழுவை குறையுமா?

சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடுகிற பிஸ்டனின் வடிவமும் அதை மாட்டும் திசையும் என்ஜினை எவ்வளவு பாதிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதைச் சும்மா யாரும் கேட்கமாட்டார்கள். அண்மையில் என்ஜின் வேலை பார்த்திருப்பீர்கள், காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக் டக் என்று சத்தம் வரும், சூடேறியதும் அடங்கிவிடும். அப்படித்தான் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

வடிவம் இழுவையைப் பாதிக்கும். மாட்டும் திசை பெரும்பாலும் சத்தத்தையும் ஆயுளையும்தான் தீர்மானிக்கும்.

ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் விசைப்படகு என்ஜின் வேலை மட்டும்தான், நான் காரையும் சேர்த்துக்கொண்டேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பழைய மாருதி 800 வைத்திருக்கிறார். வெளியூரில் சிலிண்டரைக் கடைந்து (போரிங் போட்டு), புது பிஸ்டன் மாட்டி வாங்கி வந்த வண்டி. வந்ததிலிருந்து காலையில் சத்தம். வேலை பார்த்த இடத்தில் கேட்டதற்கு, “பேரிங் சத்தம், திரும்பவும் இறக்கணும்” என்று சொல்லியிருக்கிறார்கள். “உங்க ஊர்ல காட்டாதீங்க, அவங்களுக்குப் போட் என்ஜின்தான் தெரியும்” என்றும் சொன்னார்களாம். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. நம்மூர்ப் படகுகளில் ஓடுவது பெரும்பாலும் லாரி என்ஜின்தான். கடலில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் பாரம் இழுக்கிற என்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறவனுக்கு மூன்று சிலிண்டர் கார் என்ஜின் தெரியாதா?

“சார், வண்டியை ராத்திரி இங்கேயே விட்டுட்டுப் போங்க” என்றேன். இந்தச் சத்தத்தை என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் பிடிக்க முடியும். காலையில் அவரை வைத்துக்கொண்டே ஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றினேன். கழற்றினால் அந்தச் சிலிண்டரில் வெடிப்பு நின்றுவிடும். நடு சிலிண்டரில் கழற்றியதும் சத்தம் பாதியானது. அந்தப் பிளக் ஓட்டையில் கொஞ்சம் கெட்டி ஆயில் விட்டு ஓட்டியதும் சற்று நேரம் சத்தமே இல்லை. பேரிங் கீழே கிராங்க் பக்கம் இருப்பது, அது போயிருந்தால் மேலே விட்ட ஆயிலுக்குச் சத்தம் அடங்காது. பிஸ்டன்தான் சுவரில் அடிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் இருந்த கரியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். ஒன்றிலும் மூன்றிலும் அம்புக்குறி கிராங்க் புல்லி பக்கம் பார்த்தது. நடுவில் இருந்தது ஃப்ளைவீல் பக்கம் பார்த்தது. வாத்தியார் குனிந்து பார்த்துவிட்டு, “அடப்பாவி” என்றார்.

அம்புக்குறி என்ஜினின் முன்பக்கத்தை, அதாவது கிராங்க் புல்லி பக்கத்தைக் காட்ட வேண்டும், வண்டியின் முன்பக்கத்தை அல்ல. ஜீப், அம்பாசடர் போல நெடுக்காக உட்கார்ந்த என்ஜினில் இரண்டும் ஒன்றுதான். மாருதியில் என்ஜின் குறுக்காக இருப்பதால் பழக்கமில்லாதவர்கள் குழம்புவார்கள்.

அந்தக் குறி எதற்கு என்றால், பல பிஸ்டன்களில் கனெக்டிங் ராடைக் கோக்கும் ஊசிக்கான (pin) ஓட்டை நட்டநடுவில் இருக்காது, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு பக்கம் தள்ளி இருக்கும். வெடிப்பு நடந்து பிஸ்டன் இறங்கும்போது கனெக்டிங் ராடு சாய்ந்து, அதை ஒரு பக்கச் சுவரில் அழுத்தும். ஊசி ஒரு பக்கம் தள்ளி இருப்பதால் உச்சியில் பிஸ்டன் மெல்லப் பக்கம் மாறி அந்தச் சுவரில் சாயும். திருப்பி மாட்டினால் ஒரே அடியாக மாறி மோதும். அலுமினியம் வார்ப்பிரும்பைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு விரியும். அதனால்தான் சூடேறியதும் இடைவெளி குறைந்து சத்தம் அடங்குகிறது. அடங்கிவிட்டதே என்று ஓட்டிக்கொண்டே இருந்தால் ஸ்கர்ட், அதாவது பிஸ்டனின் கீழ்ப்பகுதி, தேயும்.

ரேஸ் வண்டிகளில் வேண்டுமென்றே திருப்பி மாட்டுவார்களே என்று யாராவது வருவீர்கள், தெரியும். உராய்வு துளி குறையும் என்று சிலர் செய்வதுண்டு. அந்த என்ஜினை அடிக்கடி பிரிப்பார்கள். வாத்தியார் வண்டி பல வருஷம் ஓட வேண்டும். அதோடு வால்வுக்காகக் குழி வெட்டிய பிஸ்டனைத் திருப்பினால் சில என்ஜின்களில் வால்வே இடிக்கும். டீசலில் பிஸ்டன் தலையில் உள்ள குழி ஓரமாக இருந்தால், திருப்பி மாட்டும்போது இன்ஜெக்டர் தெளிப்பு இடம் தவறிக் கரும்புகை கக்கும், அங்கே இழுவையும் போகும்.

வடிவத்துக்கு வருகிறேன். தலை மேடாக இருந்தால் கம்ப்ரஷன் (உள்ளே இழுத்ததை நசுக்கும் அளவு) கூடும், குழிவாக இருந்தால் குறையும். கூடினால் அதே எரிபொருளில் அதிக வேலை கிடைக்கும், ஆனால் பெட்ரோலில் அளவு மீறினால் என்ஜின் தட்டும், அதாவது எரிபொருள் தாறுமாறாக வெடிக்கும். ஆகவே கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றாதீர்கள்.

அந்த பிஸ்டனின் ஸ்கர்ட் ஒரு பக்கம் தேய்ந்து பளபளத்தது. அதே அளவில் புதிது வாங்கி, எடை பார்த்து, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கில் எழுத்துள்ள பக்கம் மேலே வரும்படி மாட்டினேன். சத்தம் நின்றது. இழுவை கூடியதா என்றால் பெரிதாக இல்லை, அதை வாத்தியாரிடமும் சொல்லிவிட்டேன்.

இதில் எனக்குப் பெரிய கஷ்டம் தண்ணீர்தான். சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்து ஹோன் செய்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி அழுக்காகக் கூடாது. பட்டறை போர்வெல்லில் வருவது உப்புத்தண்ணீர். அதில் கழுவினால் ஆயில் பூசுவதற்குள் துரு பூத்துவிடும். அதனால் குடிக்க வாங்குகிற தண்ணீரில் கழுவுகிறேன். குழாயில் எப்போது வரும் என்று இங்கே யாருக்கும் தெரியாது. வீட்டில் பெண்கள் குடத்தோடு தண்ணீர் வண்டிக்குக் காத்திருக்கும்போது நான் இரும்பைக் கழுவ நல்ல தண்ணீரைக் கொட்டுகிறேன், மனசு கேட்பதில்லை. 

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். காலையில் பிளக் வயர் சோதனையை மெக்கானிக்கை உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள். ஹெட் கழற்றினால், திரும்ப மூடுவதற்கு முன் பிஸ்டன் தலைகளை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அம்புக்குறியோ, புள்ளியோ, வெட்டோ, எல்லாம் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று பாருங்கள். சிலிண்டர்கள் V வடிவில் இரு வரிசையாக இருக்கிற சில வி வகை என்ஜின்களில் இது வேறுபடும், அதற்கு மேனுவலைப் பார்க்கச் சொல்லுங்கள்.