“மகளும் மரத்தையே கட்டிக்கிட்டு அழணுமா?”: ஓர் அப்பாவுக்குப் பதில்

அண்ணே, வணக்கம்.

போன வாரம் சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவில் (என் வாய்க்கு இன்னும் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தைதான் வருகிறது) கூட்டம் முடிந்ததும், மகள் செம்பனை மரபணு ஆராய்ச்சி படிக்க ஆசைப்படுவதைச் சொல்லி, என்னை ஓரமாக நிறுத்திக் கேட்டீர்கள்: “நான் குலை வெட்டினது போதாதா? மகளும் மரத்தையே கட்டிக்கிட்டு அழணுமா?” அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டேன். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன்.

செம்பனையின் வேர், இலை, பழம் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே மரபணுக்கள்தான். ஆனால் சதையில் எண்ணெய் கட்டுகிறது, இலையில் கட்டுவதில்லை. எந்த மரபணு எங்கே, எப்போது விழித்து வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். விழித்த மரபணு ஆர்.என்.ஏ. என்ற நகலை எடுக்கும். அந்த நகலை அளப்பதைத்தான் மகள் படிக்க ஆசைப்படுகிறாள். 2011இல் வந்த ஓர் ஆய்வில் செம்பனையையும் பேரீச்சையையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே குடும்பம். ஒன்று எண்ணெய் சேர்க்கிறது, மற்றது சர்க்கரை. எண்ணெய் வேலையை முடுக்கும் ரிங்கிள்டு1 மரபணுவின் நகல் செம்பனைச் சதையில் 57 மடங்கு அதிகமாக இருந்தது.

வேலை சொகுசு இல்லை. பழத்தை வெட்டிய கையோடு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போட்டு, அந்தக் குளிர் போவதற்குள் உரலில் மாவாக அரைக்க வேண்டும். வெறும் விரல் பட்டால் போச்சு. நம் தோலில் இருக்கும் நொதியே ஆர்.என்.ஏ.வைத் தின்றுவிடும். அப்புறம் மாவிலிருந்து பிரித்த ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, அதைப் பெருக்கி அளக்கும் கியூபிசிஆர் மெஷினில் வைத்தால் சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கும். ஒரு பழத்தின் மாதிரி 20ஆம் சுற்றிலும் இன்னொரு பழத்தின் மாதிரி 23ஆம் சுற்றிலும் தெரிந்தால், முதலில் தெரிந்ததில் நகல் 8 மடங்கு அதிகம். போட்ட அளவே கூடக் குறைய இருந்தால்? அதற்காகத்தான் அதிகம் ஏறி இறங்காத ஒரு மரபணுவைப் படிக்கல்லாக வைத்து நிறுக்கிறார்கள்.

கோவிட் சமயத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்த பிசிஆர் சோதனையும் இதே முறைதான். ஆகவே கை பழகியவள் தோட்டத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி லேப் பக்கமும் முயன்று பார்க்கலாம். பாங்கியில் மலேசிய செம்பனை வாரியம் இருக்கிறது, பெரிய தோட்டக் கம்பெனிகளுக்கும் ஆராய்ச்சிப் பிரிவுகள் உண்டு. ஆனால் மறைக்காமல் சொல்கிறேன்: வெறும் டிகிரியோடு நின்றால் பெரும்பாலும் உதவியாளர் வேலைதான். ஆராய்ச்சி என்றால் மாஸ்டர்ஸாவது வேண்டும். பிடிபிடிஎன் கல்விக் கடனையும் இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் கிடைக்காவிட்டால் படிவம் 6ஐ வேண்டாம் என்று தள்ளாதீர்கள். செர்டாங் யூபிஎம், பாங்கி யூகேஎம் பல்கலைக்கழகங்களுக்குப் படிவம் 6 முடிவில் எழுதும் எஸ்டிபிஎம் தேர்வு வழியாகவும் போகலாம். அவளுடைய உயிரியல் மதிப்பெண் எனக்குக் கவலையே இல்லை. கூடுதல் கணிதத்தில் சி வாங்கியிருக்கிறாளே, அதுதான் உறுத்துகிறது. லேப்பிலிருந்து வருவதெல்லாம் எண்கள். புள்ளியியல் தெரியாதவள் அங்கே தடுமாறுவாள்.

ஒன்று செய்யுங்கள். மண்டோரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இன்னும் கறுப்பாக இருக்கும் ஒரு குலைக்குக் கயிறு கட்டி வையுங்கள். வாரம் ஒரு பழம், ஒரே கிழமையில், எட்டு வாரம். எடை, தோல் நிறம், வெட்டினால் சதையின் நிறம், இவ்வளவுதான் அவள் நோட்டில் எழுத வேண்டும். யூபியூ பல்கலைக்கழகச் சேர்க்கை விண்ணப்பத்தைப் பற்றிப் பேச வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள். நான் முதலில் பார்க்கப்போவது ஆறாவது வாரத்துப் பக்கத்தை.