கேமரன் மலைப் பட்டாம்பூச்சியைப் பினாங்கில் கொண்டுவந்து விடலாமா?

பினாங்கின் பாலிக் பூலாவ் மலைச்சரிவில் மூன்று ஏக்கர் டுரியானும் ஜாதிக்காயும் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய நிலத்துக்கு மேலேயும் காடு, கீழேயும் காடு; இடையில் தோட்டமும் ஒரு தார்ச்சாலையும் இருக்கின்றன. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கறுப்பும் மஞ்சளுமான பெரிய பட்டாம்பூச்சிகள் காலையில் தவறாமல் வந்தன என்றும், இப்போது மாதத்துக்கு ஒன்றிரண்டு கண்ணில் பட்டாலே அதிகம் என்றும் வருந்துகிறார். கேமரன் மலையிலிருந்து கூட்டுப்புழுக்களைக் கொண்டுவந்து விட்டால் "புது ரத்தம்" சேரும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறாராம். அப்படிச் செய்யலாமா என்பது அவருடைய கேள்வி.

செய்ய வேண்டாம். நண்பர் நோயைச் சரியாகவே கண்டிருக்கிறார். அவர் சொல்லும் மருந்துதான் பொருந்தாது.

மலையில் வாழும் பூச்சிகளுக்கு உயரமே வேலி. 100 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறைகிறது. ஆகவே 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த நம் கொடிமலையின் உச்சி, ஜார்ஜ் டவுனைவிட ஐந்து பாகையளவு குளிர்ச்சியாக இருக்கும். ஆண்டு முழுவதும் வெப்பம் பெரிதாக மாறாத நம் நாட்டில், அந்தந்த உயரத்தில் பிறந்த பூச்சி அந்தக் குறுகிய வெப்ப எல்லைக்குள்ளேயே பழகிவிடுவதால், வெப்பமண்டல மலையைக் கடப்பது குளிர்நாட்டு மலையைக் கடப்பதைவிட அவற்றுக்குக் கடினம் என்று சூழலியலாளர் டேனியல் ஜான்சென் 1967-லேயே விளக்கினார். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்து, நாடும் குளிர்ந்திருந்த காலத்தில், பினாங்கு தீவாகவே இல்லை. குளிர்ச்சியை விரும்பும் உயிர்கள் இன்றைவிடத் தாழ்வான இடங்களிலும் பரவியிருக்க முடிந்தது. வெப்பம் கூடக் கூட அவை மேலே ஏறின. இன்றும் ஏறிக்கொண்டிருக்கின்றன: கினபாலு மலையின் விட்டில்களை 1965-இலும் 2007-இலும் கணக்கெடுத்து ஒப்பிட்டபோது, அவை சராசரியாக 67 மீட்டர் மேலே நகர்ந்திருந்தன. கினபாலு 4,095 மீட்டர் உயரம் என்பதால் அங்கே ஏற இன்னும் இடம் இருக்கிறது. கொடிமலையில் அவ்வளவு இடம் இல்லை.

இப்படி இயற்கையே பிரித்துவைத்திருக்கும் கூட்டத்தை, சாலையும் வீடும் தோட்டமும் மேலும் துண்டாக்குகின்றன. துண்டுக்குள் நடப்பதை விதைநெல்லை வைத்துச் சொல்கிறேன். பல ரக நெல் கலந்த குதிரிலிருந்து ஒவ்வொரு பருவமும் ஒரு கைப்பிடியை மட்டும் அள்ளி விதைத்தால், கையில் வராத ரகம் அடுத்த பருவத்தில் இருக்காது. பிறகு எத்தனை மூட்டை விளைந்தாலும் அது திரும்பி வராது. சிறிய கூட்டத்தில் மரபணு வகைகளும் அவ்வாறே தலைமுறைதோறும் உதிர்கின்றன. சந்ததிக்குச் சரிசமமாகப் பங்களிக்கும் பூச்சிகள் 50 மட்டுமே என்றால், ஒரு தலைமுறைக்கு நூற்றில் ஒரு பங்கு மரபணுப் பன்மை குறையும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் ஆண்டுக்கு ஆறு தலைமுறை காணும் பட்டாம்பூச்சி பத்தாண்டில் அறுபது தலைமுறையைக் கடந்துவிடும். அப்போது தொடக்கத்தில் இருந்த பன்மையில் சுமார் 55 விழுக்காடுதான் மிஞ்சும். யானைக் கூட்டம் ஒன்று அதே அளவை இழக்க ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பூச்சிதானே, வேகமாகப் பெருகிவிடும் என்று நாம் அலட்சியமாக இருப்பதை நான் அஞ்சுவது இதனால்தான்.

இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியும் விதம், இலையின் அடியில் காய்ந்துபோன முட்டைதான். பின்லாந்தின் ஆலண்டு தீவுகளில் கிளான்வில் என்ற பட்டாம்பூச்சியின் 42 கூட்டங்களை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட முடிவு, துண்டாக்கப்பட்ட வாழிடங்களைப் பற்றிப் பேசும் எவரும் மறக்கக் கூடாதது. அவற்றில் 7 கூட்டங்கள் அழிந்தன. கூட்டத்தின் அளவையும் சூழலையும் கணக்கில் சேர்த்த பிறகும், மரபணுப் பன்மை குறைந்த கூட்டங்களுக்கே அழியும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. நெருங்கிய உறவுக்குள் இணைந்ததால் முட்டை பொரிப்பது குறைந்து, புழுக்களும் அதிகமாக மடிந்தன.

அப்படியானால் வெளியிலிருந்து கொண்டுவருவது நல்லதுதானே என்று தோன்றும். கேமரன் மலையின் தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. உருவம் ஒன்றாகவே இருந்தாலும், அந்தக் குளிருக்குப் பழகிய பரம்பரையின் குணங்கள் உங்கள் சரிவில் கலந்தால், இங்கே பொருந்தி வந்த சேர்க்கை குலையலாம். அதைவிட எனக்குக் கவலை தருவது வோல்பாக்கியா. டெங்கியைக் கட்டுப்படுத்த ஏடிஸ் கொசுக்களில் ஏற்றி விடுகிறார்களே, அதே நுண்ணுயிர்தான். அதன் வகைகள் பல பட்டாம்பூச்சிகளிலும் இயற்கையாகவே இருக்கின்றன. வோல்பாக்கியா உள்ள ஆண், அது இல்லாத பெண்ணோடு இணையும்போது முட்டைகள் பொரிக்காமலே போகக்கூடும். நல்லெண்ணத்தோடு விட்ட ஆண் பூச்சிகள், மிஞ்சியிருக்கும் பெண்களின் முட்டைகளை வீணாக்கிவிடும். கூட்டுப்புழுவைப் பார்த்து இதைக் கண்டறிய இயலாது. ராஜா புரூக் பட்டாம்பூச்சி போன்ற இனங்கள் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பதால், அனுமதியின்றிப் பிடித்துக் கொண்டுவருவது குற்றமும் ஆகும்.

உங்களுக்குத் தேவையான புது ரத்தம் வெகுதூரத்தில் இல்லை. உங்கள் மேல்காட்டிலும் கீழ்க்காட்டிலும் இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு ஒரே ஒரு பூச்சி கடந்து சென்று அங்கே இணைந்தாலும், இரண்டு கூட்டங்களும் முற்றிலும் விலகிப் போகாமல் காக்க அது பெரும்பாலும் போதும் என்பது மரபியலின் பழைய கணக்கு. கூட்டம் சிறிதானால் இழப்பு வேகமாகும், ஆனால் வந்து சேரும் அந்த ஒன்றின் பங்கும் பெரிதாகும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. நடைமுறையில் எல்லாம் இணைவதில்லை என்பதால் ஐந்து, பத்து கடந்தால் நல்லது. அந்த ஐந்துக்கும் பத்துக்கும் வழிவிடுவதுதான் உங்கள் தோட்டத்தின் வேலை.

நிழல் விரும்பும் காட்டுப் பட்டாம்பூச்சி வெயில் சுடும் வெற்று நிலத்தைக் கடக்கத் தயங்கும். டுரியான் மரங்களின் நிழல் இருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. மீதி, தரையில் இருக்கிறது. தோட்டம் முழுவதற்கும் ஒரே நாளில் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்துங்கள். ஓடையை ஒட்டி மேல்காட்டிலிருந்து கீழ்க்காடு வரை ஐந்தாறு மீட்டர் அகலத்துக்குச் செடிகொடிகளை வளரவிடுங்கள். சாலையோரத்தில் இருபுறக் கிளைகளும் நெருங்கும் இடத்தில் வெட்டாதீர்கள். இரவு முழுவதும் எரியும் வெள்ளை விளக்கு விட்டில்களை இழுத்து அலைக்கழிக்கும் என்பதால், அதையும் அணைத்துவிடுவது நல்லது.

புழுவுக்கு உணவாகும் கொடியை நடுவதில் கவனம் வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ரிச்மண்ட் என்ற பெரிய பட்டாம்பூச்சி, காடு துண்டானதால் இதே உள்ளுறவுச் சிக்கலுக்கு ஆளானது. அங்கே மலைக்கு ஒரு கொடி, சமவெளிக்கு ஒரு கொடி என்று அதன் புழுவுக்கு உணவு இருந்தது; பொதுமக்களும் பள்ளிகளும் அந்தக் கொடிகளை நட்டுத் துண்டுகளை இணைக்க முயன்றார்கள். ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த அலங்காரக் கொடி ஒன்றில் பட்டாம்பூச்சி ஏமாந்து முட்டையிட, பொரித்த புழுக்கள் அதன் இலையைத் தின்று இறந்தன. ஆகவே பூ அழகாக இருக்கிறது என்று நாற்றுப்பண்ணையில் வாங்கிவிடாதீர்கள். ஆடுதின்னாப்பாளைக் குடும்பத்தில் இம்மண்ணுக்கே உரிய கொடியை, முடிந்தால் வெவ்வேறு தாய்க்கொடிகளின் விதையிலிருந்து வளர்த்து நடுங்கள். ஒரே கொடியைத் துண்டு வெட்டி நட்டால் கொடிக்கும் அதே பன்மைக் குறைவு வந்துவிடும். காப்புக்காட்டில் விதை எடுக்க வனத்துறையின் அனுமதி தேவை.

பயன் தெரிகிறதா என்று அறிய, பட்டாம்பூச்சியைக் கொல்ல வேண்டியதில்லை. ஆய்வில் நாங்கள் சிறகுகளை மடித்துப் பிடித்து, நுண்கத்தரியால் ஒரு நடுக்காலை மட்டும் எடுத்து, விரல்நுனி அளவுள்ள குப்பியில் சாராயத்தில் இட்டுவிட்டுப் பூச்சியைப் பறக்கவிடுவோம். மரபணுவைப் படிக்க அந்த ஒரு கால் போதும். அதை ஆய்வாளர்கள் அனுமதியோடு செய்யட்டும். நீங்கள் ஒரு நோட்டில், முட்டை கண்ட நாள், இலை, எத்தனை முட்டை, எத்தனை பொரித்தன என்று மாதந்தோறும் எழுதி வாருங்கள். ஓடையோரப் பாதை வளர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆனபின், பொரிக்காத முட்டைகளின் விகிதத்தை முதல் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டு எனக்கு எழுதுங்கள்.