எக்செலில் டிக் பாக்ஸும் பட்டனும் இஷ்டத்துக்கு மாறுகின்றன, எப்படிச் சரிசெய்வது?

ஒரு டிக் பாக்ஸை அழுத்தினால் வேறு சிலவும் சேர்ந்து மாறுகின்றன, ஃபில்டர் போட்டால் பெட்டிகள் ஒரே இடத்தில் குவிகின்றன, ஒரு பட்டன் அழுத்த அழுத்தப் பெரிதாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் எனக்கு நடந்திருக்கின்றன.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். டெவலப்பர் டேபில் இன்செர்ட்டை அழுத்தினால் இரண்டு வரிசை வரும்: மேலே ஃபார்ம் கன்ட்ரோல், கீழே ஆக்டிவ்எக்ஸ். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், கோளாறுகள் வேறு. அதே டேபில் உள்ள டிசைன் மோட் (கன்ட்ரோலைத் திருத்துவதற்கான நிலை) அணைந்திருக்கும்போது பெட்டியையோ பட்டனையோ ரைட் கிளிக் செய்யுங்கள். 'அசைன் மேக்ரோ' உள்ள மெனு வந்தால் ஃபார்ம் கன்ட்ரோல். மெனுவே வராவிட்டால் ஆக்டிவ்எக்ஸ்.

நான் காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஐஸ் சப்ளை செய்யும் ஓர் இடத்தில் கணக்கு பார்க்கிறேன். ஷீட்டில் வரிக்கு ஒரு படகு. பதிவு எண், எத்தனை பார் ஐஸ், 'ஏத்தியாச்சு' என்று ஒரு டிக் பாக்ஸ், 'பணம் வந்தாச்சு' என்று இன்னொன்று. எல்லாம் ஃபார்ம் கன்ட்ரோல். ஒரு நாள் விடியற்காலை லோடு ஏற்றும் தம்பி வந்து, "இன்னாக்கா, ஒரு படகுக்கு டிக் போட்டா நாலு படகுக்கு வுழுது" என்றான். காரணம் நான் காப்பி செய்த விதம். ஒரு பெட்டிக்கு எஃப்2 செல்லை லிங்க் செய்துவிட்டு (அதாவது, டிக் இருக்கிறதா இல்லையா என்பது அந்தச் செல்லில் பதிவாகும்படி வைத்துவிட்டு) அதையே காப்பி பேஸ்ட் செய்தால், ஒவ்வொரு நகலும் அந்த எஃப்2வையே பிடித்துக்கொள்ளும். ஃபார்முலா மாதிரி எஃப்3, எஃப்4 என்று இறங்காது. கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு பெட்டியை கிளிக் செய்தால் மேலே ஃபார்முலா பாரில் அந்த லிங்க் தெரியும், அங்கேயே மாற்றலாம்.

ஃபில்டர் விஷயம் இதைவிட மோசம், கண்ணுக்கே தெரியாமல் கணக்கைக் கெடுக்கும். ஒரு படகு ஓனர் பில்லோடு வந்து, "நம்ம போட்டு கரையிலதாம்மா கட்டிக்கினு இருந்துச்சு, ஐஸ் எப்படி ஏத்துனீங்க?" என்று கேட்டார். ஷீட்டில் அவர் படகுக்கு டிக் இருந்தது. பாக்கி உள்ள படகுகளை மட்டும் ஃபில்டர் செய்து, ஒரு வரியின் பெட்டியை ரைட் கிளிக் செய்து மெதுவாக நகர்த்தினேன். அடியில் இன்னொன்று. அதை நகர்த்தினால் அதற்கும் அடியில் ஒன்று. ஏழு பெட்டிகள் வந்தன.

இந்தப் பெட்டிகள் செல்லுக்குள் இருப்பதில்லை, ஷீட்டின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி மிதக்கின்றன. ஃபில்டரில் வரி மறையும், அதன் பெட்டி மறையாமல் அடுத்துத் தெரியும் வரியின் மேல் போய் உட்காரும். நாம் அழுத்துவது மேலே கிடப்பதை, அதன் லிங்க் மறைந்த வரியில். அதனால்தான் டிக் வேறு படகுக்குப் போனது. ஆல்ட் எஃப்10 அழுத்தினால் வரும் செலக்‌ஷன் பேனில் எல்லாப் பெட்டிகளின் பெயரும் வரிசையாகத் தெரியும், எத்தனை என்று எண்ணிவிடலாம். செல்லோடு சேர்ந்து நகர்ந்து சுருங்க வைக்கும் 'மூவ் அண்ட் சைஸ் வித் செல்ஸ்' என்ற வசதி ஃபார்ம் டிக் பாக்ஸுக்கு மங்கலாகவே இருக்கும், தேர்ந்தெடுக்க முடியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் எனக்கு நேரம் கிடைத்தது, எல்லாப் பெட்டிகளையும் எடுத்துவிட்டேன். மைக்ரோசாஃப்ட் 365 இருந்தால் இன்செர்ட் டேபில் 2024இல் வந்த செக்பாக்ஸைப் போடுங்கள். அது செல்லின் மதிப்பே, ட்ரூ அல்லது ஃபால்ஸ். வரி மறைந்தால் கூடவே மறையும், ஸ்பேஸ் பாரால் மாற்றலாம். எங்கள் குடோன் கம்ப்யூட்டரில் பழைய எக்செல், அதனால் செல்லில் எதை நிரப்பலாம் என்று கட்டுப்படுத்தும் டேட்டா வேலிடேஷனில் 'ஆம்' என்ற ஒரே சொல்லோடு பட்டியல் வைத்தேன். கவுன்ட்இஃப் போட்டு எண்ணவும் வசதி. தம்பிக்கு ஒரே நாளில் பழகிவிட்டது.

அப்புறம், பெரிதாகும் பட்டன். அது பெரும்பாலும் ஆக்டிவ்எக்ஸ்தான். லேப்டாப்பில் ஒரு டிஸ்ப்ளே ஸ்கேல் (திரையில் எல்லாம் எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற அளவு), வெளியே மாட்டிய மானிட்டரில் வேறு ஸ்கேல் என்றால் இப்படி ஆகும். இரண்டையும் ஒரே ஸ்கேலில் வையுங்கள், ஷீட் ஜூமை 100% ஆக்குங்கள். ஃபைல், ஆப்ஷன்ஸ், ஜெனரலில் 'ஆப்டிமைஸ் ஃபார் கம்பாட்டிபிலிட்டி'யைத் தேர்ந்தெடுத்து எக்செலை மூடித் திறங்கள். அப்போதும் தீராவிட்டால் அதே மேக்ரோவை (பட்டனை அழுத்தினால் ஓடும் கட்டளைகளை) ஒரு ஃபார்ம் பட்டனுக்குக் கொடுத்துவிடுவதே நல்லது. நான் அப்படித்தான் செய்தேன், பிறகு தொந்தரவில்லை.

பட்டன் அசையவே இல்லை என்றால்? முதலில் டிசைன் மோட் அணைந்திருக்கிறதா பாருங்கள். ஆபீஸ் 2024இலும், 2025 ஏப்ரலிலிருந்து மைக்ரோசாஃப்ட் 365இலும் ஆக்டிவ்எக்ஸ் தொடக்கத்திலேயே முடக்கப்பட்டிருக்கும், கேட்காமலே. பாதுகாப்பு அமைப்புகள் உள்ள ட்ரஸ்ட் சென்டரில் திரும்ப இயக்கலாம், ஆனால் யாரோ அனுப்பிய ஃபைலுக்காக அதைச் செய்யவே செய்யாதீர்கள். மேக்கில் ஆக்டிவ்எக்ஸ் ஓடாது.

ஷீட்டைப் பூட்டிய பிறகு டிக் விழாமல் எச்சரிக்கை வந்தால், லிங்க் செய்த செல் பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டைத் திறந்து, ஃபார்மட் செல்ஸ், ப்ரொடெக்‌ஷனில் அந்தச் செல்லுக்கு மட்டும் 'லாக்டு' டிக்கை எடுத்துவிட்டு மறுபடி பூட்டுங்கள்.