ஆர்கான் ஏன் எதனோடும் சேராது? கேள்வி பதில்

வண்ணாரப்பேட்டையில் பல வருஷம் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்து ஓய்வுபெற்றவன் நான். ஹீலியம், ஆர்கான், செனான் போன்று மற்றவற்றோடு எளிதில் சேராத மந்த வாயுக்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

வியாசர்பாடி மாணவி: சார், அணுவின் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் இருந்தால் நிலைத்தன்மை என்று எழுதினால் மார்க் வந்துவிடுகிறது. எட்டில் அப்படி என்ன விசேஷம்?

எட்டு ஒன்றும் ராசியான எண் இல்லைம்மா, ஹீலியத்துக்கு இரண்டுதானே! வரவு செலவாகப் பார். ஓர் அணு இன்னொன்றோடு சேர எலக்ட்ரானைக் கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும், இல்லை பங்கு போட வேண்டும். சோடியத்திடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க ஒரு மோலுக்கு (அணுக்களை எண்ணும் அளவு அது) 496 கிலோஜூல் போதும். ஆர்கானுக்கு 1520. சரி, வாங்குமா? அதன் வெளிக்கூடான மூன்றாம் கூட்டில் எஸ், பி ஆர்பிட்டால்கள், அதாவது எலக்ட்ரான் தங்கும் இடங்கள், நிரம்பியாச்சு. புதிதாக வருவது நான்காம் கூட்டுக்குத்தான் போக வேண்டும். உள்ளே இருக்கும் 18 எலக்ட்ரான்கள் அணுக்கருவின் இழுப்பை ஏறக்குறைய முழுதும் மறைத்துவிடுவதால், வந்தது நிற்காது. பங்கு போடவும் ஒற்றை எலக்ட்ரான் கிடையாது, எல்லாம் ஜோடி. 'திருப்தியடைந்த அணு' என்று நானும்தான் சொல்லிக் கொடுத்தேன். அணுவுக்கு ஏது திருப்தி?

தண்டையார்பேட்டை அம்மா: சிப்ஸ் பாக்கெட்டில் இருப்பது மந்த வாயு என்கிறான் பையன்.

பெரும்பாலும் நைட்ரஜன்மா. அது இந்தக் குடும்பமே இல்லை. மூன்று பிணைப்பால் இறுகிக் கிடப்பதால் சும்மா இருக்கிறது. மின்னல் வெட்டினால் ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும்.

காசிமேடு வெல்டர்: மீன்பிடி போட்டுக்கு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பில் ஆர்கான் வெல்டிங் போடுகிறேன் சார். விலை குறைந்த சிஓடூ (கரியமிலவாயு) போதாதா? காற்று அடித்தால் வெல்டில் பின்ஹோல், பொடி ஓட்டை, வேறு விழுகிறது.

சாதா இரும்பில், கம்பியே உருகி ஒட்டும் மிக் வெல்டிங் என்றால் சிஓடூ போதும் தம்பி. உங்கள் வேலையில் ஆர்க் (மின்பொறி) சூட்டில் அது உடைந்து ஆக்சிஜனை விடும், ஆர்க் கிளம்பும் டங்ஸ்டன் முனை கருகும். ஆர்கான் ஒற்றை அணு, உடைய ஒன்றுமில்லை. பின்ஹோலுக்குக் காரணம் கடல் காற்று. ஆர்கானைத் தள்ளிவிட்டு அது உள்ளே புகுகிறது. தார்ப்பாய் கட்டி மறையுங்கள்.

ஆனால் போட்டின் மீன் கிடங்குக்குள் இறங்கி வேலை செய்யும்போது மறைப்பு போடாதீர்கள், காற்றோட்டம் வையுங்கள். ஆர்கான் காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும். வாசனை கிடையாது. உடம்பில் கரியமிலவாயு சேர்ந்தால்தான் மூச்சு முட்டும். இங்கே அது மூச்சோடு வெளியே போய்க்கொண்டே இருப்பதால், ஆக்சிஜன் குறைவது தெரியாமலே ஆள் சாய்ந்துவிடுவார்.

ராயபுரம் கல்லூரி மாணவர்: செனானில் சேர்மம் உண்டாமே, அப்புறம் என்ன மந்த வாயு?

உண்டு. 1962-ல் கனடாவில் நீல் பார்ட்லெட் செய்தார். பிளாட்டினம் ஹெக்சாஃப்ளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்குவதை அவர் பார்த்திருந்தார். அதற்கு ஆகும் ஆற்றல் சுமார் 1165 கிலோஜூல். செனானுக்கு 1170. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று! கலந்தார், ஆரஞ்சு மஞ்சளில் திடப்பொருள் வந்தது. செனான் பெரிய அணு, வெளி எலக்ட்ரான்கள் கருவிலிருந்து தள்ளி இருப்பதால் பிடி தளர்வு. ஆர்கானையும் 2000-ல் ஹெல்சிங்கியில் ஹைட்ரஜன், ஃப்ளூரினோடு சேர்த்துவிட்டார்கள், கடுங்குளிரில் மட்டும் தாங்கும். விடைத்தாளில் 'சேரவே சேராது' என்று எழுதியவர்களுக்கு நான் அரை மார்க் குறைத்தது இதனால்தான்.